பதினோரு நாள் குஞ்சு

அந்த வருஷம் பங்குனி மாதம் எங்கள் வளவில் ஒரு தேன்சிட்டுக் குஞ்சு வளராமல் நின்றுவிட்டது. அது செத்துப்போகவில்லை, சீக்கு வந்தும் கிடக்கவில்லை. முட்டையை விட்டு வெளியே வந்த பதினோராம் நாள் எப்படி இருந்ததோ அப்படியே, கண்ணைப் பாதி திறந்துகொண்டு, முதுகில் இறகுக் குருத்து முள் முள்ளாய் நீட்டிக்கொண்டிருக்க, பன்னிரண்டாம் நாளுக்குள் போக மாட்டேன் என்று நின்றுவிட்டது. நாங்கள் எட்டிப் பார்த்தோம். சரி, நின்றுவிட்டது என்று சொல்லிவிட்டு அவரவர் பீடித் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டோம்.

தென்காசிப் பக்கம் எங்கள் ஊர். வளவில் ஆறு வீடு, ஒரு குழாய், ஒரு முருங்கை, ஒரு செம்பருத்திச் செடி. ஆண்களில் பாதிப் பேர் கேரளத்தில் வேலை பார்க்கிறார்கள். பெண்கள் எல்லோரும் பீடி சுற்றுகிறோம். நான் மூன்றாவது வீடு. இரண்டாவது வீட்டில் ஆவுடையம்மாள் இருந்தாள். அவள் புருஷன் சிவஞானம் கொல்லத்தில் ஒரு பேக்கரியில் மாவு பிசைகிறவன். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து, மாசி பிறந்த அன்று அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பதினோரு நாள் இருந்தது. பதினோராம் நாள் மத்தியானம், வாசலுக்கு முன்னால் தகரச் சாய்ப்பில் கட்டியிருந்த சேலைத் தொட்டிலில், காய்ச்சல் இல்லாமல் இருமல் இல்லாமல், குளிர்ந்து கிடந்தது. ஆஸ்பத்திரியில் இதற்கு ஒரு காரணம் சொன்னார்கள். அது காரணம் மாதிரி இல்லை.

சிவஞானம் வந்து எல்லாம் முடித்து, தொட்டில் சேலையை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, ஸ்டூலைப் போட்டு ஏறி உத்தரத்திலிருந்து கயிற்றை அவிழ்க்கப் போனபோது, "கயித்தத் தொடாதிய" என்று உள்ளேயிருந்து ஆவுடை சொன்னாள். அவன் இறங்கிவிட்டான். சாய்ப்பில் தொட்டில் கயிறு மட்டும் ஒரு முழம் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் கொல்லத்துக்குப் பஸ் ஏறிப் போனான்.

அவன் போன வாரத்தில் அந்தக் கயிற்றில் ஒரு பெட்டைத் தேன்சிட்டு வந்து உட்கார்ந்தது. கட்டை விரல் நீளம்தான் இருக்கும். தொண்டை சாம்பல், வயிறு மஞ்சள், மூக்கு வளைந்த ஊசி. அது எங்கள் வீட்டு மூலைகளிலிருந்தெல்லாம் ஒட்டடையை இழுத்து வந்து கயிற்று நுனியில் சுற்றியது; அதன்மேல் முருங்கைப்பட்டைத் தூளையும் பூச்சி எச்சத்தையும் காய்ந்த பூவிதழையும் ஒட்டியது. ஒன்பது நாளில் ஒரு சின்னப் பை தொங்கியது, பக்கத்தில் ஒரு ஓட்டை, அந்த ஓட்டைக்கு மேல் மழை விழாமல் ஒரு சாய்ப்பு. சேவல் செங்கருப்பாய்ப் பளபளவென்று பக்கத்தில் நின்று கத்தியதே தவிர ஒரு துரும்பும் எடுத்துப் போடவில்லை. அது குஞ்சு பொரித்த பிறகுதான் வேலைக்கு வரும் என்றார் முதல் வீட்டு மந்திரமூர்த்தி அண்ணாச்சி. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். வேன் நிறுத்துகிற கொட்டகையில் வருஷா வருஷம் கூடு பார்த்தவர்.

ஆவுடை ஒட்டடை அடிப்பதை விட்டாள். "வீடு அடைஞ்சு கெடக்கேளா" என்று நான் சொன்னதற்கு, "அதுக்கு வேணும்லா மதினி" என்றாள். துணிக்கொடியை இடம் மாற்றிக் கட்டினாள், பூனை ஏறாமல் சாய்ப்புக் கம்பில் உடைமுள் சுற்றினாள், சிரட்டையில் தண்ணீர் வைத்தாள், செம்பருத்தியில் மாவுப்பூச்சி விழுந்திருக்கிறது என்று மருந்தோடு வந்த நாலாவது வீட்டு ஆளின் கையைப் பிடித்து நிறுத்தி, "பூச்சி செத்தா அது என்னத்தக் கொண்டுபோய் ஊட்டும்?" என்று கேட்டாள். குழந்தை போனபிறகு அவள் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

இரண்டு முட்டையில் ஒன்று கூமுட்டை. ஒன்று பொரித்தது. அதுதான் பதினோராம் நாளில் நின்றுபோன குஞ்சு. பதினோரு நாள் என்பதை வளவில் எல்லோரும் மனசுக்குள் எண்ணினோம். ஒருவரும் வாயால் சொல்லவில்லை.

குஞ்சு மட்டும் நிற்கவில்லை, கூட்டுக்குக் கீழே இரண்டு பாய் விரிக்கிற அளவு இடமும் சேர்ந்து நின்றிருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவள் பூக்காரி முப்பிடாதி. சனிக்கிழமை மறந்துவிட்டுப் போன பிச்சிப்பூக் கூடையைத் திங்கட்கிழமை வந்து எடுத்தபோது ஒரு மொட்டுகூட விரியாமல், ஒரு காம்புகூடக் கறுக்காமல் இருந்தது. அன்றிலிருந்து அவள் பூக்கூடை அங்கேதான். பிறகு பால் வந்தது, மீன் வந்தது, அறுத்த வாழையிலைக் கட்டு வந்தது. இட்லிக்கு ஆட்டி வைத்த மாவு இரண்டு நாளாகியும் பொங்கவில்லை என்று ஐந்தாவது வீட்டில் சண்டை வந்தது. எங்கள் பீடி இலை ஈரம் காயாமல் பதமாக இருந்தது. காய்ச்சலோடு வந்து படுத்தவர்களுக்குக் காய்ச்சல் ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை, மாமியாரோடு சண்டை போட்டுவிட்டு வந்து உட்கார்ந்த ஆறாவது வீட்டு ராமலெட்சுமிக்குச் சாயங்காலம் வரை கோபம் ஆறவில்லை, சாய்ப்புக்கு வெளியே இரண்டடி எடுத்து வைத்ததும் ஆறிவிட்டது. மேலத்தெரு மாசமான பெண் ஒருத்தி வெயிலுக்கு ஒதுங்கி தினமும் வந்து உட்கார்ந்து, சொன்ன தேதிக்கு இருபத்திரண்டு நாள் கழித்துப் பெற்றாள். அதனால் பிள்ளைத்தாய்ச்சிகள் சாய்ப்புக்குக் கீழே வரக் கூடாது என்று பேசி வைத்துக்கொண்டோம். சூடம் கொளுத்த வந்தவர்களை மந்திரமூர்த்தி அண்ணாச்சி, "பொகை பட்டா அது மூச்சு முட்டிச் சாகும், வெளிய போங்க" என்று விரட்டினார். ஓய்வுபெற்ற அறிவியல் வாத்தியார் ஒருவர் டேப்பை வைத்து இடத்தை அளந்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போனார்; பிறகு தன் சர்க்கரை மாத்திரைகளைக் கொண்டுவந்து அங்கே வைத்துவிட்டுப் போனார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வருவதற்கும் நாங்கள் காரணம் கேட்டதில்லை.

ஆவுடை விடிந்ததிலிருந்து அடைகிறவரை அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். அதனால் அவளுக்குப் பாலும் வற்றவில்லை. ஜாக்கெட் நனைந்து காயும், நனைந்து காயும். அவள் அதைப் பற்றிச் சொல்லவும் இல்லை, துணி வைத்துக் கட்டிக்கொள்ளவும் இல்லை. பங்குனி உத்திரத்துக்கு வந்த சிவஞானம் அரை மணி நேரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். "இங்க இருந்து எந்திரி ஆவுடை. கொல்லத்துக்கு வா, ரூம் பாக்கேன்" என்றான். "இன்னைக்கு வரலை" என்றாள். அவளுக்கு அங்கே எப்போதும் இன்னைக்குத்தான். அவன் அன்று சாயங்காலமே போய்விட்டான்.

சித்திரையில் மந்திரமூர்த்தி அண்ணாச்சிக்கு வயிற்றில் கட்டி என்று திருநெல்வேலியில் சொன்னார்கள். திறந்து பார்த்துவிட்டு மூடித் தைத்து, பதினைந்து நாள், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அவர் பெண்சாதி உலகம்மா மதினி வேனிலிருந்து அவரை இறக்கினாள், வீட்டுக்குள் கொண்டுபோகவில்லை. நேராக ஆவுடை வாசலுக்கு வந்து, "ஏளா, ஒரு கட்டில் போட இடம் கொடு" என்றாள். பூக்கூடையையும் பால் தூக்கையும் நாங்களே எடுத்து ஓரமாக நகர்த்தி வைத்தோம். கூட்டுக்கு நேர் கீழே கட்டிலைப் போட்டோம்.

பதினைந்து நாள் போனது, முப்பது போனது, எண்பதும் நெருங்கியது. அண்ணாச்சி மெலியவில்லை, தேறவில்லை. உலகம்மா மதினி குங்குமத்தைப் பெரிதாக வைத்துக்கொண்டு வளவில் நடந்தாள். மகளுக்குப் போன் போட்டு, "அப்பா அப்படியேதான் இருக்காக" என்று தினமும் சந்தோஷமாய்ச் சொன்னாள்.

கட்டிலில் மல்லாந்து கிடந்த அவருக்குப் பார்க்க வேறொன்றும் இல்லாததால் தேன்சிட்டுகளைப் பார்த்தார். எட்டுக்கால் பூச்சி, பச்சைப்புழு, கொசு என்று சேவலும் பெட்டையும் மாறி மாறிக் கொண்டுவந்து ஊட்டும், குஞ்சின் எச்சத்தை மூக்கில் கவ்விக்கொண்டு போய் தூரத்தில் போடும், திரும்பி வரும். ஒரு நாளைக்கு எத்தனை நடை என்று எண்ணினார். இன்னும் ஆறு நாள் செய்திருந்தால் முடிந்திருக்க வேண்டிய வேலை. குஞ்சு தின்றது, வளரவில்லை. வளராததால் அவற்றுக்கு நிறுத்தவும் தெரியவில்லை. கூட்டுக்கு வெளியேதான் அவற்றின் பிழைப்பு, வெளியே நாள் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டையின் வால் தேய்ந்து குச்சியாகிவிட்டது, சிறகு நுனி கிழிந்திருந்தது. "நேத்து நூத்தி நாப்பது நடை வந்துச்சு. இன்னைக்கு நூறு கூட இல்லை" என்று ஒரு நாள் ஆவுடையிடம் சொன்னார். "அதுக்கு மூச்சு வாங்குது, பாத்தியா? கயித்தப் பிடிச்சுத் தொங்கிட்டுத்தான் உள்ள தலைய நீட்டுது."

ஆனி பிறந்து சாரல் காற்று வீச ஆரம்பித்தது. ஒரு நாள் காற்று கயிற்றைப் பிடித்து வீசியதில் கூடு சாய்ப்பை விட்டு வெளியே போய், ஒரு கணம் வெயிலில் நின்று, திரும்பி வந்தது. அந்த ஒரு கணத்தில் பிச்சிப்பூ மொத்தமும் விரிந்து வாடியது. அண்ணாச்சி, "அம்மா" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார். வலி அடங்கியதும் நிமிர்ந்து பார்த்தார். குஞ்சின் முதுகில் ஒரே ஒரு குருத்து வெடித்து இறகாகியிருந்தது.

"கூடும் இந்த எடமும் சேந்திருந்தாத்தாம்மா எல்லாம் நிக்கும்" என்றார் ஆவுடையிடம். "கூட்டை நாலடி தள்ளி முருங்கையில கட்டினா குஞ்சு வளந்திரும். கட்டிவிட்டிரு."

ஆவுடை தலையைக் குனிந்துகொண்டு இலை வெட்டினாள். "வளந்தா போயிரும்லா அண்ணாச்சி."

"போவத்தான செய்யும்."

"நீங்க?"

"நானுந்தான்." அவர் சிரித்தார். "எண்பது நாளா ஒரே நாளைக் கெடந்து பாத்துட்டேன். போதும்மா."

அவள் மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள், ஆனால் சொல்லிவிட்டாள்.

நாலாம் நாள் காலையில் முருங்கைக்குக் கீழே பெட்டைத் தேன்சிட்டு செத்துக் கிடந்தது. மூக்கில் ஒரு பச்சைப்புழு இருந்தது, புழு இன்னும் நெளிந்தது. ஆவுடைதான் எடுத்தாள். உள்ளங்கையில் அது ஒரு காய்ந்த பூ அளவுகூட கனக்கவில்லை. மேலே குஞ்சு வாயைத் திறந்துகொண்டிருந்தது. சேவல் ஒன்று கொண்டுவரும், போகும், அது வருகிறவரை இந்த வாய் திறந்தே இருக்கும். "அதுவும் இன்னும் ஒரு வாரந்தான் தாங்கும்" என்றார் அண்ணாச்சி. "அதுக்குப் பெறவு இந்தக் குஞ்சு பசிச்சுக்கிட்டே இருக்கும் ஆவுடை. சாகவும் செய்யாது. சும்மா பசிச்சுக்கிட்டே இருக்கும்."

ஆவுடை செத்த குருவியைக் கையில் வைத்துக்கொண்டே முதல் வீட்டுக்குப் போய், கூட்டை முருங்கைக்கு மாற்றப் போகிறேன் என்று உலகம்மா மதினியிடம் சொன்னாள். பிறகு நடந்தது வளவு முழுக்கக் கேட்டது.

"ஒரு குருவிக்காவ என் வீட்டுக்காரரைக் கொல்லப் போறியா? வயித்துல பத்து மாசம் வச்சவதான நீ? ஒனக்குத் தெரியாதா?"

"அண்ணாச்சிதான் மதினி சொன்னாக."

"அவுக ஆயிரம் சொல்லுவாக! கயித்துல கைய வச்சே, கைய ஒடிச்சுப் போடுவேன்."

நாங்கள் உலகம்மா மதினி பக்கம்தான் நின்றோம். இப்போது சொல்லவேண்டியதுதான். எங்கள் பூவும் பாலும் அதில் இருந்தது. ஆனால் அது மட்டுமில்லை. போகிறவரைப் பிடித்து நிறுத்த ஒரு இடம் இருக்கும்போது, அந்த இடத்தைக் கலைக்கச் சொல்ல எந்த வாய்க்கு வரும்?

மறுநாள் காலை உலகம்மா மதினி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். சேவல் ஒரு கொசுவோடு வந்து, கயிற்றைப் பிடிக்க முடியாமல் நழுவி, அண்ணாச்சியின் போர்வையில் விழுந்து, எழுந்து, மறுபடியும் பறந்து கூட்டைப் பிடித்தது. "ஆவுடை" என்றார் அவர். அவ்வளவுதான் சொன்னார்.

அவள் ஸ்டூலைப் போட்டு ஏறினாள். சிவஞானம் போட்ட முடிச்சு, குழந்தை கனத்தில் இறுகியது, நகம் உடைந்தும் அவிழவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தாள். அவிழ்க்கும்போது கூடு ஆடவில்லை. ஒரு கையை அதற்கு அடியில் குழித்து வைத்திருந்தாள். அந்தக் கையில் குஞ்சின் சூடு தெரிந்தது என்று பிறகு சொன்னாள். கூட்டு வாசல் எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ அதே பக்கம் பார்க்கும்படி, சேவல் வந்து தேடினால் கண்ணில் படும்படி, முருங்கையின் தாழ்ந்த கிளையில் கயிற்றைக் கட்டினாள். எறும்பு ஏறாமல் விளக்கெண்ணெய்த் துணி சுற்றினாள், உடைமுள் கட்டினாள், பூசணம் பிடிக்கட்டும் என்று வாழைப்பழத் தோலையும் அழுகின கொய்யாவையும் அடியில் வைத்தாள், கொசுவும் பழ ஈயும் அங்கேயே மொய்த்தால் சேவலுக்கு அலைச்சல் குறையும் என்று. சேவல் முதலில் பழைய இடத்தில் வந்து வெறும் காற்றில் படபடத்தது. நாங்கள் ஆறு வீட்டுப் பெண்களும் கையில் இலையோடு நின்றோம். குஞ்சு கத்தியது. சேவல் திரும்பிப் பார்த்துவிட்டு முருங்கைக்குப் போயிற்று.

உலகம்மா மதினி ரேஷன் அரிசிப் பையோடு வளவுக்குள் வந்து, சாய்ப்பில் கயிறு இல்லாததைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள். புருஷன் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அண்ணாச்சி இரண்டாம் நாள் சாயங்காலம் போனார்.

அதன் பிறகு அவள் ஆவுடையோடு பேசவில்லை. குழாயடியில் ஆவுடை வந்தால் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். ஆவுடைக்குப் பால் கட்டி, வலியெடுத்து, காய்ச்சல் கண்டு, ஒரு வாரத்தில் வற்றியது. பால் வற்றட்டும் என்று நான்தான் மல்லிகைப்பூ வைத்துக் கட்டிவிட்டேன். முப்பிடாதியின் பூ மறுபடியும் அன்றன்றைக்கு வாடியது. வாத்தியார் வந்து மாத்திரையை வாங்கிக்கொண்டு போனார். கட்டில் இருந்த இடத்தில் யாரும் ஒன்றும் வைக்கவில்லை.

குஞ்சு ஆறே நாளில் இறகு மூடி, கூட்டு வாசலில் வந்து உட்கார்ந்தது. சேவல் ஒரு சிலந்தியை வாயில் வைத்துக்கொண்டு செம்பருத்தியில் நின்று கத்தியது, கிட்டே வரவில்லை. குஞ்சு தயங்கியது, குனிந்தது, பிறகு கீழே விழுவது போலப் பறந்து, துணிக்கொடியில் முட்டி, செம்பருத்திக்குப் போய்ச் சேர்ந்தது. ஆவுடை கைதட்டவில்லை, அழவில்லை. இரண்டு கையையும் வாயில் பொத்திக்கொண்டு நின்றாள். முதல் வீட்டுக் கதவு ஒரு சாண் திறந்திருந்ததை நான் பார்த்தேன். மூன்று நாள் அடைகிற நேரத்துக்கு அது கூட்டுக்கு வந்து தூங்கியது. நாலாம் நாள் வரவில்லை.

அண்ணாச்சியின் பதினாறு முடிந்து ஒரு வாரம் இருக்கும். மத்தியானம் ஆவுடை வாசலில் இலை வெட்டிக்கொண்டிருந்தாள், நான் பக்கத்து வாசலில். உலகம்மா மதினி தன் கத்தரிக்கோலோடு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தாள். கட்டிலிருந்து இலையை உருவி வெட்ட ஆரம்பித்தாள். ஒரு கட்டை வெட்டி முடித்தாள்.

"ஏளா" என்றாள் பிறகு.

"சொல்லுங்க மதினி."

"போன அன்னைக்கு அவுக பசிக்குன்னாக." கத்தரி நிற்கவில்லை. "அந்தக் கட்டில்ல கெடந்த அத்தனை நாளும் ஒரு தரம் கேக்கல. ஊட்டினா வாங்கிக்கிடுவாக, அவ்வளவுதான். அன்னைக்கு, ஏளா, ரசஞ்சோறு கொண்டான்னாக. கொழையப் பெசஞ்சு கொடுத்தேன். நாலு வாய் வாங்கினாக. அஞ்சாவது வாய்க்கு என்னையப் பாத்து, உப்பு கொஞ்சம் கம்மின்னாக."

ஆவுடை நிமிர்ந்தாள்.

"உப்பு எடுக்க எங்க வீட்டுக்குள்ள போனேன். எப்பவும் மாடத்துல இருக்கும். அன்னைக்குன்னு அடுப்புக்குப் பின்னால இருந்திருக்கு. தேடி எடுத்துட்டு வாரதுக்குள்ள..." கத்தரி நின்றுவிட்டது. "நான் உள்ள போயிருக்கக் கூடாதுளா. உப்பு இல்லைன்னா என்ன? தின்னிருப்பாகல்லா?"

"கேட்டாகல்லா மதினி. கேட்டதை எடுக்கத்தான போனிய."

உலகம்மா மதினி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். முருங்கைப்பூ முற்றத்தில் உதிர்ந்துகொண்டிருந்தது. யாரிடமோ சொல்வதுபோல ஆவுடை சொன்னாள்.

"நான் தூங்கிட்டேன் மதினி."

மதினி முந்தானையை எடுத்தாள்.

"பால் கொடுத்துத் தொட்டில்ல போட்டேன். கயித்தைப் பிடிச்சு ஆட்டிக்கிட்டேதான் இருந்தேன். எப்பம் கை நின்னுச்சுன்னு தெரியல. முழிச்சுப் பாக்கேன், கை மடியில கெடக்கு. ஆஸ்பத்திரியில கேட்டாக, எங்க வீட்டுக்காரவுக கேட்டாக, பாத்துக்கிட்டுதான் இருந்தேன்னு சொல்லிட்டேன்."

உலகம்மா மதினி கையிலிருந்த இலையைத் தட்டில் வைத்தாள். "பெத்த உடம்பு. பதினோரு நாளாப் பொட்டுத் தூக்கம் இல்லாம கெடந்தவ" என்றாள். "தூங்காம என்னளா செய்வா?"

ஆவுடை அழுதாள். மாசியிலிருந்து அழாததெல்லாம் சேர்ந்து வந்தது போல, சத்தம் வளவைத் தாண்டித் தெருவுக்குப் போனது. ஒருவரும் ஓடி வரவில்லை, அவரவர் வாசலிலேயே இருந்தோம். அழுகை தேய்ந்ததும் உலகம்மா மதினி அவள் மடியிலிருந்த பீடித் தட்டை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"கொஞ்ச நேரம் படு. நான் இங்கனதான் இருக்கேன்."

ஆவுடை அந்த இடத்திலேயே, வெறுந்தரையில், கையைத் தலைக்கு வைத்துப் படுத்தாள். படுத்ததும் தூங்கிவிட்டாள். நாலு மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்தபோது நாங்கள் குடங்களைச் சத்தம் வராமல் கீழே வைத்தோம்.